ரெக்சஸ் ராக்கெட்டில் மாணவர் கருவி: கேள்வி பதில்

ஜெர்மனியும் சுவீடனும் சேர்ந்து நடத்தும் மாணவர் ராக்கெட் திட்டம் ரெக்சஸ். ஏவுவது வட சுவீடனில் கிருனா பக்கத்து எஸ்ரேஞ்ச் தளத்திலிருந்து. ஏவுதளத்துக்குக் கிளம்பவிருக்கும் குழுக்களும் விண்ணப்பிக்க விரும்புபவர்களும் கேட்ட கேள்விகள் இவை.

கேள்வி: எங்கள் கருவி எவ்வளவு விசை தாங்க வேண்டும்?

ராக்கெட்டின் மோட்டார் பெயர் 'மேம்படுத்தப்பட்ட ஓரியன்'. சுமார் 290 கிலோ திட எரிபொருள் 26 வினாடியில் எரிந்து தீர்கிறது. முடுக்கம் 20 ஜி வரை, அதாவது புவியீர்ப்பின் 20 மடங்கு வரை போகும். அதற்கு எல்லாருமே தயாராக வருவார்கள். கோட்டை விடுவது சுழற்சியில். ராக்கெட் நொடிக்கு 4 சுற்று வரை சுழலும். அந்த வேகத்தில், அச்சிலிருந்து 15 செ.மீ. தள்ளி மாட்டிய பேட்டரியை 9 ஜிக்கு மேல் வெளிப்பக்கம் இழுக்கும். ஒற்றை ஜிப் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) போதாது. வெளிப்பக்கம் முட்டுக்கொடுக்க ஒரு தகடு வேண்டும். பிறகு, சுழற்சியை நிறுத்துவதற்காகக் கம்பியில் கட்டி ராக்கெட்டைச் சுற்றி வைத்த யோ-யோ எடைகள் அவிழ்ந்து பறந்ததும் சுழற்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். திரவம் வைத்த குழுக்களே, அந்த நொடியில் குமிழி எங்கே போகும் என்று இப்போதே யோசியுங்கள்.

கேள்வி: ராக்கெட் கிளம்பியதைச் சொல்லும் லிஃப்ட்-ஆஃப் சிக்னல் வந்ததும் பதிவு தொடங்கும்படி எழுதியிருக்கிறோம் அண்ணா. சரிதானே?

சிக்னல் 'மாறும் கணத்தை' மட்டும் பார்க்கிறதா உங்கள் நிரல்? அப்படியானால் ஆபத்து. பறக்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து, கருவியை இயக்கும் கன்ட்ரோலர் சில்லு ரீசெட் ஆனால், ஏற்கெனவே வந்துபோன அந்த மாற்றத்துக்காகக் கடைசிவரை காத்துக்கொண்டே இருக்கும். சிக்னல் இப்போது இருக்கிறதா இல்லையா என்ற நிலையைப் படியுங்கள். கூடவே, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை அழியா நினைவகத்தில் எழுதி, ரீசெட் ஆகி எழுந்தவுடன் முதலில் அதைப் படிக்கும்படி நிரலை எழுதுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒத்திகை கவுண்ட்டவுனிலும் அதே சிக்னல் வரும். சூடேறும் கம்பியால் கயிறு அறுக்கும் அமைப்பு வைத்திருந்தால் ஒத்திகையிலேயே அறுந்துவிடும். ஒத்திகைக்கு அந்த இடத்தில் ஒரு மின்தடையை மாட்டுங்கள். கழற்ற மறக்காமலிருக்கச் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். ஒத்திகைத் தரவை அழித்து, கட்டக் குறியீட்டைப் பூஜ்யமாக்குவதும் சரிபார்ப்புப் பட்டியலில் தனி வரியாக இருக்கட்டும். இல்லையென்றால் ஏவும் நாளில் கருவி 'என் வேலை முடிந்தது' என்று சும்மா இருந்துவிடும்.

கேள்வி: தரவைப் பதிய எஸ்டி கார்டு போதுமா?

ஸ்பிரிங் சாக்கெட்டில் இருக்கும் கார்டு அதிர்வில் இமைப்பொழுது தொடர்பு விட்டாலும் கோப்பு கெட்டுப்போகும். மின்சுற்றுப் பலகையில் சால்டர் செய்த ஃபிளாஷ் நினைவகச் சில்லு நல்லது. கார்டுதான் என்றால் மேலே சிலிகான் பசை வைத்து, நொடிக்கு ஒருமுறை கோப்பை மூடித் திறந்து எழுதுங்கள். முக்கியமான அளவீடுகளைத் தரைக்கும் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கவுண்ட்டவுன் நடுவில் நிறுத்திவிட்டால்?

நிறுத்துவார்கள். இது வழிகாட்டல் இல்லாத ராக்கெட். காற்றைப் பார்த்துத்தான் லாஞ்சரின் (ராக்கெட்டைத் தாங்கும் ஏவுமேடையின்) கோணத்தைத் திருத்துகிறார்கள், காற்று எல்லை மீறினால் காத்திருக்க வேண்டியதுதான். சொந்த பேட்டரி இருந்தால் பல மணி நேரக் காத்திருப்புக்குக் கணக்குப் போடுங்கள். குளிரில் அதன் கொள்ளளவு குறைவதையும் சேர்த்து. உயிரி மாதிரி என்றால் மறுநாளுக்கு இன்னொரு தொகுதி கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஏவுதளத்தில் வைஃபை வழியே கருவியைச் சோதிக்கலாமா?

வேண்டாம். மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரை இணைக்கும்போது ரேடியோ மௌனம், அதாவது எந்த ரேடியோ அலைபரப்பும் கூடாது. போனும் அணைந்திருக்க வேண்டும். கேபிள் வழியே எல்லாம் நடக்கட்டும்.

கேள்வி: இந்தியாவில் படிக்கும் நாங்கள் விண்ணப்பிக்கலாமா?

முடியாது. ஜெர்மனியிலோ, ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேறொரு உறுப்பு நாட்டிலோ, அதனுடன் ஒத்துழைக்கும் நாடொன்றிலோ பல்கலைக்கழக மாணவராக இருக்க வேண்டும்.

கேள்வி: கருவி திரும்பி வந்ததும் முதல் வேலை?

பாராசூட்டில் பனிமேல் இறங்குவதை ஹெலிகாப்டரில் போய் எடுத்து வருவார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே படத்துடன் ஒரே பக்கத்தில் குறிப்பு கொடுங்கள்: எந்த சுவிட்சை அணைக்க வேண்டும், அழுத்தம் நிரம்பிய குப்பி எது, வெடிக்காமல் மிஞ்சியிருக்கக்கூடியது எது என்று. உறைந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே திறந்தால் உள்ளே ஈரம் படியும். மூடியபடியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். அதுவரை மின்சாரம் கொடுக்காதீர்கள்.