வாசகர் கேள்வி பதில்: எந்தப் படியில் இருந்தால் பாட்டு நன்றாகக் கேட்கும்?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசிக்கு ஒரே விஷயம்தான்: தன் பாட்டைத் தானே எழுதி, மெட்டும் போட்டு, கிற்றாரோடு வந்து பாடுகிற அந்த இளம் பாடகரின் திறந்தவெளி அரங்க நிகழ்ச்சி. சரி, இந்த இதழ் அவருக்கே. அரசியல் கேள்விகள் அடுத்த மாதமும் பழுதாகாது.

கேள்வி: முன்வரிசை டிக்கட்டுக்கு மூன்று மடங்கு விலை. முன்னுக்கு இருந்தால்தானே நன்றாகக் கேட்கும்?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: பார்ப்பதற்கு முன்வரிசை, கேட்பதற்கு நடுப்படி. மேடையின் இரண்டு பக்கமும் உயரத்தில் தொங்குகிற ஸ்பீக்கர்களின் சத்தம் பெரும்பாலும் முன்வரிசைக்காரரின் தலைக்கு மேலால் போய்விடும், காலடியில் வைத்திருக்கிற பாஸ் பெட்டி மட்டும் நெஞ்சில் இடிக்கும், பாடகர் என்ன சொல்கிறார் என்று விளங்காது. சொல்லுக்காகவே போகிற கச்சேரியில் சொல் விளங்காவிட்டால் கொடுத்த காசு தண்டம். உள்ளே போனதும் மிக்சர் மேசை எங்கே என்று பாருங்கள். படிகளின் நடுவில், தார்ப்பாய்க்குக் கீழே, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு தம்பி நிற்பார். தன் காதுக்குச் சரியாக வருகிற மாதிரித்தான் அவர் எல்லாவற்றையும் கூட்டிக் குறைப்பார், ஆகவே அவருக்கு முன்னால் இரண்டு மூன்று படிக்குள் இடம் பிடித்தால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்கலாம்.

அதற்காகக் கடைசிப் படிக்கு ஓடவும் வேண்டாம். ஒலி 34 மீற்றர் தூரம் போக ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும். அதைவிடத் தள்ளி இருந்தால் வாய் முந்தும், பாட்டு பிந்தும், டப்பிங் படம் பார்க்கிற மாதிரி.

படிப்படியாக ஏறுகிற அரங்கில் முன்னால் இருப்பவரின் தலை சத்தத்தை மறிக்காது. சமதரையில் பிளாஸ்டிக் கதிரை போட்டுக் கேட்பதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். கிரேக்கத்தில் எபிடோரஸ் என்ற அரங்கு இருக்கிறது. கட்டி 2,300 வருஷம் போல ஆகிறது, ஏறத்தாழ 14,000 பேர் இருக்கலாம், அந்தக் காலத்தில் மைக் ஏது? அதன் கற்படி வரிசைகளே சனத்தின் முணுமுணுப்பு போன்ற தாழ்ந்த சுருதி ஒலிகளை அடக்கி, பேச்சை விளங்க வைக்கிற உயர்ந்த சுருதி ஒலிகளை விட்டுவிடுகின்றன என்று அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2007இல் எழுதினார்கள். நம்முடைய அரங்குகளில் சனத்தின் முணுமுணுப்பைச் சனம்தான் அடக்க வேண்டும்.

இன்னொன்று: கொங்கிரீட் படி பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும், ஏழு மணிக்கும் சுடும். ஒரு சின்னத் தலையணை கொண்டுபோங்கள்.

கேள்வி: சினிமாப் பாட்டு ஒன்றுமே பாட மாட்டாராம். தெரியாத பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் யார் இருப்பது?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: நீங்கள் கலியாண வீட்டில் கையைத் தட்டிப் பாடுகிற 'சின்ன மாமியே'யும் ஒருநாள் யாருக்கும் தெரியாத பாட்டாகத்தான் இருந்தது. நித்தி கனகரத்தினம் அதைத் தானே எழுதி, கிற்றாரைப் பிடித்துக்கொண்டு மேடையில் பாடினார். பின்னால் எந்தப் படமும் இல்லை, கதாநாயகன் இல்லை. இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை என்று நாங்கள் பெருமைப்படுகிறதே அப்படி ஆட்கள் வந்து பாடியதால்தான். அதற்குப் பிறகு மேடைகளை இசைக்குழுக்களுக்குக் கொடுத்து, இந்தியப் பாட்டை அச்சு அசலாக வாசிப்பதையே திறமை என்று நினைக்கத் தொடங்கிவிட்டோம் என்பது என் பழைய கோபம், விடுங்கள். சிங்களப் பக்கம் பாருங்கள். 1973இல் விக்டர் ரத்நாயக்க கொழும்பு லும்பினி அரங்கில் 'ச' என்ற தனிமனித இசை நிகழ்ச்சியைத் தொடங்கினார். அவருடைய பாட்டுகளை மட்டும் கேட்க சனம் வருமா என்று யோசித்திருப்பார்கள். வந்தது, பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தது.

போவதற்கு முன் அவருடைய நான்கைந்து பாட்டைப் பஸ்ஸிலோ சமைக்கும்போதோ கேட்டுவிட்டுப் போங்கள். அது போதும். பாட்டுக்கு நடுவில் இது எங்கே, யாரை நினைத்து எழுதியது என்று அவர் சொல்கிற கதைகளை மட்டும் தவறவிடாதீர்கள், அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் கடலை வாங்க எழும்புவார்கள்.

கேள்வி: மழை வந்தால்?
— தெஹிவளை வாசகி

பதில்: ஜனவரி, பெப்ரவரி என்றால் பயப்படத் தேவையில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் பின்னேரம் இடியோடு கொட்டும். குடையை விரித்தால் பின்படிக்காரர் உங்களைத் திட்டுவார், மழைக் கோட்தான் நல்லது. மின்னல் தொடங்கினால் டிக்கட் காசைப் பார்க்காமல் எழும்புங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகனைக் கூட்டிப் போகலாமா?
— பம்பலப்பிட்டி அம்மா ஒருவர்

பதில்: தாராளமாக, ஆனால் ஸ்பீக்கருக்குக் கிட்டப் போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்ச அளவு 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். அது பெரியவருக்கே அதிகம். பிள்ளைகளுக்கென்று காதை மூடுகிற கவசம் விற்கிறார்கள், வாங்கிப் போடுங்கள். தூங்கிவிட்டால் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும், அதனால் ஓரப் படி.

கேள்வி: பாட்டு சூடு பிடிக்கும்போதே ஏன் பத்து மணிக்கு நிறுத்துகிறார்கள்?
— மட்டக்குளி வாசகர்

பதில்: 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைப்பது விசேட சந்தர்ப்பங்களுக்கு மட்டும்தான். இரவில் நிலம் குளிர்ந்ததும் ஒலி மேலே போகாமல் கீழே வளையும், தூரத்து வீடுகளுக்கும் நன்றாகக் கேட்கும். நாளைக்குப் பரீட்சை எழுதுகிற பிள்ளை அந்த வீடுகளிலும் இருக்கும்.

கேள்வி: என் மச்சான் முதல் பாட்டு முடிய முதலே 'அந்த ஹிட்டைப் பாடு' என்று கத்துகிறவர். என்ன செய்யலாம்?
— மருதானை வாசகர்

பதில்: அது கடைசியில்தான் வரும் என்று சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் அந்த மூன்று மடங்கு விலை டிக்கட்டை அவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, நீங்கள் நடுப்படிக்கு வாருங்கள்.