மகனின் இரத்தத்தை அப்பாவுக்கு ஏற்றலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவை பைபாஸ் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு அழைத்து வந்திருக்கிறோம். வயது 67, பி பொசிட்டிவ். நான் ஓ பொசிட்டிவ், தங்கை பி பொசிட்டிவ். எங்கள் இரத்தத்தையே அவருக்கு ஏற்றுங்கள் என்று கேட்டோம். இரத்த வங்கியில் மறுத்துவிட்டார்கள். முகம் தெரியாதவரின் இரத்தத்தைவிடப் பெற்ற பிள்ளையின் இரத்தம் நல்லதல்லவா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: இல்லை, தம்பி. அவர்கள் மறுத்ததுதான் சரி.

இரத்த வகை இங்கே தடையே இல்லை. அப்பாவின் இரத்தத்தில் ஏ வகைக்கு எதிரான பொருள் இருக்கிறது. உங்கள் சிவப்பணுக்களில் ஏயும் இல்லை, பியும் இல்லை. அதனால் அவை அவருக்கு ஒத்துப்போகும். தங்கையுடையது அப்படியே பொருந்துகிறது. (பி அப்பாவுக்கு ஓ பிள்ளையா என்று உறவினர் யாராவது புருவத்தை உயர்த்தினால் பொருட்படுத்தாதீர்கள். அப்பாவிடம் மறைந்திருந்த ஓவும் அம்மாவிடமிருந்த ஓவும் உங்களிடம் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.)

சிக்கல் வெள்ளையணுக்களில் இருக்கிறது. சிவப்பணுப் பையில் உயிருள்ள வெள்ளையணுக்கள் கொஞ்சம் தங்கியே இருக்கும். அந்நியர் ஒருவருடையவை என்றால் அப்பாவின் உடல் அவற்றை அடையாளம் கண்டு அழித்துவிடும். பிள்ளையின் அணுக்களிலோ அடையாளங்களில் பாதி அப்பா கொடுத்தவை. அம்மா கொடுத்த மறுபாதியும் தற்செயலாக அதே மாதிரி அமைந்துவிட்டால், அப்பாவின் உடல் அவற்றைத் தன்னுடையவை என்று நம்பி விட்டுவிடும். மச்சானும் மச்சாளும் மணம்செய்துகொண்ட குடும்பங்களில் இந்தத் தற்செயலுக்கு வாய்ப்பு அதிகம். உள்ளே வந்த அணுக்கள் அப்படி விட்டுவைப்பதில்லை. பெருகி, அப்பாவின் தோலையும் ஈரலையும் குடலையும், கடைசியில் எலும்பு மச்சையையும் தாக்கத் தொடங்கும். ஏற்றி ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல், உடலெங்கும் சிவந்த தடிப்பு, வயிற்றுப்போக்கு. வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இறந்துவிடுகிறார்கள்.

இது அரிதான நோய்தான். ஆனால் ஜப்பானில் 1980களில் இதயச் சத்திரசிகிச்சை முடிந்து தேறிவந்த நோயாளிகள் பலர் இப்படித்தான் இறந்தார்கள். உறவினரிடம் அப்போதுதான் எடுத்த புது இரத்தத்தை ஏற்றியதும் அதற்கு ஒரு காரணம். ‘சூடு ஆறாத இரத்தம்தான் நல்லது’ என்று நம் ஊரிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த விடயத்தில் அதுதான் ஆபத்து, ஏனென்றால் வெள்ளையணுக்கள் அதில் முழு உயிரோடு இருக்கின்றன. வேறு வழியின்றி உறவினரின் இரத்தத்தை ஏற்ற நேர்ந்தால், முதலில் பைக்குக் கதிர்வீச்சுக் கொடுத்து அந்த அணுக்கள் பெருகாதபடி செய்துவிடுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லச் சங்கடப்படுவார்கள். குடும்பமே சுற்றி நிற்கும்போது, ‘எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, என் இரத்தம் வேண்டாம்’ என்று எந்த மருமகனால் சொல்ல முடியும்? எடுக்கும் ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., ஈரலழற்சி பி, சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதிக்கிறார்கள். ஆனாலும் தொற்றிய முதல் நாட்களில் சில கிருமிகள் பரிசோதனையில் அகப்படுவதில்லை. அங்கே கொடுப்பவரின் நேர்மைதான் காவல். இலங்கையில் 2014 முதல் பணம் பெறாத தன்னார்வக் கொடையாளர்களிடம் மட்டுமே இரத்தம் எடுக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்களால் செய்யக்கூடிய பெரிய உதவி வேறு. இரத்தம் ஏற்றுவதில் நேரும் கொடிய விபத்துகளில் பெரும்பாலானவை ஆய்வுகூடத்தில் தொடங்குவதில்லை, கட்டிலருகில் தொடங்குகின்றன. ஒருவருக்குரிய பை இன்னொருவருக்குப் போய்விடுகிறது, அல்லது ஒருவரின் மாதிரிக் குழாயில் இன்னொருவரின் பெயர் ஒட்டப்பட்டுவிடுகிறது. தமிழ் நோயாளிகளுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் ‘சிவலிங்கம்’ என்பது ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூட்டில் இருக்கும், கிளினிக் கொப்பியில் இன்னொன்றில். ஓரிடத்தில் தகப்பன் பெயர் முன்னே, இன்னோரிடத்தில் பின்னே. அனுமதிக்கும் அன்றே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றாக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது என்றால் தாதி வந்து ‘சிவலிங்கமா?’ என்று கேட்டதும் தலையாட்டி ‘ஓம்’ என்பார். பக்கத்துக் கட்டில்காரரின் பெயரைச் சொன்னாலும் ‘ஓம்’ என்பார். நம் அப்பாமாரின் பணிவு அப்படி. இரத்த மாதிரி எடுக்கும்போதும் பையைத் தொங்கவிடும் முன்பும் தன் முழுப் பெயரைத் தானே சொல்லப் பழக்கிவிடுங்கள். ஏற்றத் தொடங்கிய முதல் பதினைந்து நிமிடங்களில் குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சு முட்டல், ஊசி போட்ட கையில் எரிவு, இவற்றில் எது வந்தாலும் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள். சத்திரசிகிச்சையின்போது மயக்கத்தில் இருப்பார், அப்போது கையில் கட்டிய பட்டிதான் அவருக்காகப் பேசும். அதிலுள்ள பெயரையும் இலக்கத்தையும் நீங்களே வாசித்துப் பாருங்கள்.

சத்திரசிகிச்சைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தால் அப்பாவின் ஹீமோகுளோபின் அளவை வைத்தியரிடம் கேளுங்கள். இரும்புச் சத்துக் குறைவாக இருந்து அதை இப்போதே சரிசெய்தால், ஏற்ற வேண்டிய பைகள் குறையலாம்.

இரத்தம் கொடுக்கும் ஆசையை விட்டுவிடாதீர்கள். நீங்களும் தங்கையும் நாரஹேன்பிட்டி தேசிய இரத்த நிலையத்துக்குப் போகலாம். அங்கே கொடுப்பது அப்பாவுக்கென்று ஒதுக்கப்படாது, வேறு யாருக்கோ போகும். 18 வயதுக்கு மேல், உடல் எடை 50 கிலோ, ஹீமோகுளோபின் 12க்குக் குறையாமல் இருக்க வேண்டும். முன்பு கொடுத்திருந்தால் நான்கு மாதம் கடந்திருக்க வேண்டும். அண்மையில் டெங்கு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காலைச் சாப்பாட்டை முடித்து, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள்.