கோமெ அரிசி, கோஹான் சோறு: ஜப்பானிய அகராதிச் செயலிகள் பற்றிக் கேள்வி பதில்

ஜப்பானிய மொழி படிக்கிறவர்கள் அகராதி ஆப்களைப் பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பதினொரு வருடமாக மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிறேன். தினமும் இவற்றோடுதான் பிழைப்பு.

அக்கா, போனில் நாலு அகராதி ஆப் இருக்கிறது. எதை வைத்துக்கொள்ளலாம்? (கல்லூரி மாணவி)

எது கைக்குப் பழகியதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஜிஷோ, தகோபோதோ போன்ற இலவச அகராதிகள் பெரும்பாலும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜிம் பிரீன் 1991-இல் தொடங்கிய சொற்தொகுப்பு அது. இன்று ஜேஎம்டிக்ட் என்ற பெயரில் வளர்ந்து நிற்கிறது. இத்தனை பெரிய உழைப்பை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கணினியில் வாசிப்பவர்கள் உலாவியில் யோமிடான் என்ற நீட்டிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு சொல்மேல் சுட்டியை வைத்தால் பொருள் வந்துவிடும்.

பொருள் எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது. (ஜப்பானில் வேலைக்குப் போகத் தயாராகும் செவிலியர்)

தங்கச்சி, இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். இங்கிலீஷ் வழியாகப் போனால் நமக்குச் சுற்றுவழி. ‘ரைஸ்’ என்று தேடிப் பாருங்கள். இனெ, கோமெ, கோஹான் என மூன்று சொல் வந்து நிற்கும், குழம்பிப்போவீர்கள். நமக்கு அது நெல், அரிசி, சோறு. அவ்வளவுதான். ‘பிரதர்’ என்று தேடினால் அனி, ஒதோதோ என்று இரண்டு வரும். அண்ணன், தம்பி.

வினைச்சொல்லில் இன்னும் சுகம். ‘ஒகு’ என்றால் அகராதி “ஓரிடத்தில் வைத்தல்” என்கிறது. ‘கைதெ ஒகு’ என்று வந்தால் இங்கிலீஷில் நீளமாக விளக்க வேண்டியிருக்கிறது. தமிழில் அது ‘எழுதி வை’, அவ்வளவுதான். ‘தபெதெ மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. மிரு என்றால் பார்த்தல்தான், நம் ‘பார்’ செய்கிற அதே வேலையை அங்கே செய்கிறது. அதனால் ஒவ்வொரு பதிவிலும் இங்கிலீஷ் பொருளைப் படித்துவிட்டு, “இதை எங்கள் வீட்டில் எப்படிச் சொல்வோம்?” என்று ஒரு நொடி கேட்டு, அந்தத் தமிழைக் குறிப்புப் பெட்டியில் தட்டிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வினையோடு சேரும் ‘-தெ இரு’ எப்போதும் நம் ‘கொண்டிரு’ ஆகாது. ‘கெக்கோன் ஷிதெ இரு’ என்றால் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று பொருள், நடந்துகொண்டிருக்கிறது என்றல்ல.

அப்படியானால் உச்சரிப்பையும் தமிழிலேயே எழுதி வைக்கலாமா? (அதே செவிலியர்)

வேண்டாம், இதில் மட்டும் தமிழ் காலை வாரும். என் மாணவி ஒருத்தியின் நோட்டில் ‘தெங்கி – மின்சாரம்’ என்றும், நாலு வரி கீழே ‘தெங்கி – வானிலை’ என்றும் இருந்தது. முதல் சொல்லின் தகரம் ‘தேவி’யில் வருவதுபோல் அதிரும் ஒலி, இரண்டாவது ‘தேன்’ போல அதிராதது. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ஜப்பானியரின் ஒலியெழுத்தான ஹிரகானாவைப் படித்துவிடுங்கள். குறில் நெடிலில் நமக்குப் பயமில்லை: ஒஜிசான் மாமா, ஒஜீசான் தாத்தா. இங்கிலீஷ்காரர்கள் இதில்தான் திணறுவார்கள்.

‘இத்தா’ என்று தேடினால் சம்பந்தமில்லாமல் என்னென்னவோ வருகிறதே? (ஐடி ஊழியர்)

சம்பந்தம் இருக்கிறது, தம்பி. அது இறந்தகால வடிவம். செயலி அதைப் பிரித்து மூல வினைக்குக் கொண்டுபோகிறது. இகு (போ), இவு (சொல்), இரு (தேவைப்படு) மூன்றுக்குமே இறந்தகாலம் இத்தா. காஞ்சியோடு (சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்து) எழுதியிருந்தால் எது என்று உடனே தெரியும். காதால் கேட்டதென்றால் முன்னால் வந்த சொல்லைப் பாருங்கள். ஊர்ப்பெயரும், நம் ‘-க்கு’ போன்ற ‘நி’யும் வந்திருந்தால் பெரும்பாலும் போனதுதான்.

அச்சில் பார்த்த காஞ்சிக்கு உச்சரிப்பே தெரியாது. எப்படித் தேடுவது? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஐயா, கேமராவைக் காட்டினால் பல ஆப்கள் படித்துவிடும். ஆனாலும் எழுத்துக்குள் இருக்கும் உறுப்புகளை வைத்துத் தேடிப் பழகச் சொல்வேன், அப்போதுதான் எழுத்து கண்ணுக்குள் இறங்கும். ‘ஓய்வு’ என்ற காஞ்சியில் இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் மரம். மரத்தடியில் சாய்ந்த மனிதன். விரலால் எழுதித் தேடும்போது கோட்டு வரிசை முக்கியம். ‘வாய்’ என்ற சதுரத்தை நாலு கோடாக எழுதுகிறோம், கணக்கில் அது மூன்றுதான். மேல்கோடும் வலக்கோடும் கையெடுக்காமல் ஒரே இழுப்பு.

ஆப்பில் என்3 (ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் ஒரு நிலை) என்று போட்ட சொற்களை மட்டும் படித்தால் தேர்வுக்குப் போதுமா? (கல்லூரி மாணவர்)

போதாது. 2010-இல் ஜேஎல்பிடி தேர்வை மாற்றியமைத்த பிறகு அதிகாரப்பூர்வச் சொற்பட்டியல் வருவதில்லை. அந்த முத்திரைகள் பழைய பட்டியல்களை வைத்து மற்றவர்கள் ஒட்டியவை.

உதாரண வாக்கியங்களை அப்படியே மனப்பாடம் செய்யலாமா? (இல்லத்தரசி)

கொஞ்சம் பொறுங்கள். அவற்றில் பெரும்பகுதி, பேராசிரியர் யசுஹிதோ தனாகா தம் மாணவர்களைக் கொண்டு திரட்டிய தொகுப்பிலிருந்து வந்தது. பிழைகள் இருந்தன, பிறகு பலர் திருத்தினார்கள், இன்னும் சில மிச்சம். ஒரே சொல்லுக்கு மூன்று வாக்கியம் பாருங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அகராதியிலிருந்து 2,000 சொற்களை ‘அங்கி’ (Anki) என்ற மனப்பாட அட்டைச் செயலியில் ஏற்றிவிட்டேன் அக்கா. இப்போது திறக்கவே பயமாக இருக்கிறது. (ஐடி ஊழியர்)

அத்தனையையும் நிறுத்தி வையுங்கள், அழிக்க வேண்டாம். இனி வாசிக்கும்போது நீங்களே தடுக்கி விழுந்து தேடிய சொல் மட்டும், நாளைக்குப் பத்து. எந்த வாக்கியத்தில் பார்த்தீர்களோ அதுவும் அட்டையில் இருக்கட்டும். இன்றைக்கு ‘இத்தா’விலிருந்து ஆரம்பியுங்கள்.