பென்ஷன் இல்லாதவர்கள் மாதச் செலவுக்குப் பணம் எடுப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: சார், போன மாதம் ரிட்டயர் ஆனேன். வயது 60. கையில் 80 லட்சம். பென்ஷன் கிடையாது. மாதம் 40,000 வேண்டும். மொத்தத்தையும் பங்கு ஃபண்டில் போட்டு எஸ்டபிள்யூபி (மாதாமாதம் கொஞ்சம் யூனிட் விற்று ஒரு தொகை எடுக்கும் ஏற்பாடு) வைத்துவிடலாம் என்கிறான் மகன். சரியா?

பதில்: வேண்டாம். மகன் சராசரி லாபத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார். சந்தையோ எல்லா வருடமும் சராசரியாக ஏறுவதில்லை. 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது. 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே கிடந்தது. அந்த நேரத்தில் ரிட்டயர் ஆகியிருந்தால் என்ன ஆகும்? ஃபண்டில் போட்ட பணம் யூனிட் யூனிட்டாகத்தான் இருக்கும். ஒரு யூனிட் விலை 50 ரூபாய் இருக்கும்போது 25,000 எடுக்க 500 யூனிட் விற்றால் போதும். விலை 30-க்கு இறங்கினால் அதே 25,000-க்கு 833 யூனிட் போகும். பிறகு விலை பழையபடி 50-க்கு வந்தாலும் விற்ற யூனிட் திரும்பி வராது. முதல் நான்கைந்து வருடத்தில் இப்படி அடி விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

நானாக இருந்தால் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுவேன். ஒருவருக்கு அதுதான் உச்சவரம்பு. 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும், மாதத்துக்கு 20,500. இந்த வட்டி விலைவாசியோடு ஏறாது, அதற்கு வரியும் உண்டு. அதனால் மீதி 50 லட்சத்தில் பாதியாவது பங்கு ஃபண்டில் இருக்கட்டும். செலவை 35,000-க்குள் அடக்க முடிந்தால் அந்த 50 லட்சத்திலிருந்து மாதம் 14,500 எடுத்தால் போதும். அதில் இரண்டு வருடத்துப் பணம், சுமார் மூன்றரை லட்சம், எப்போதும் எஃப்டியிலோ லிக்விட் ஃபண்டிலோ (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) இருக்க வேண்டும். சந்தை சரிந்த வருடம் அதிலிருந்து சாப்பிடுங்கள், பங்கு ஃபண்டைத் தொடாதீர்கள். நன்றாக ஏறிய வருடம் கொஞ்சம் விற்று அதை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வருடத்துக்கு 4 சதவீதம் எடுத்தால் பணம் தீராது என்கிறார்களே?

பதில்: 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் போட்ட கணக்கு அது. முதல் வருடம் 4 சதவீதம், அப்புறம் விலைவாசிக்கு ஏற்ப கூட்டிக்கொண்டே போவது. அமெரிக்கப் பங்குகள், அமெரிக்கக் கடன் பத்திரங்கள், 30 வருடம் என்று வைத்துப் பார்த்தது. நம் ஊர் விலைவாசி வேறு. நான் மூன்றரைக்கு மேல் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஐயா, எஸ்டபிள்யூபியில் வரும் பணம் முழுவதற்கும் வரி கட்ட வேண்டுமா? அதற்கு டிவிடெண்ட் வாங்கிக்கொள்வது மேல் இல்லையா?

பதில்: இல்லை. 40 ரூபாய்க்கு வாங்கிய யூனிட் இன்று 50 என்றால், எடுக்கும் 25,000-இல் 20,000 உங்கள் முதல்தான். லாபம் 5,000 மட்டும். அதற்குத்தான் வரிக் கணக்கு. பங்கு ஃபண்டில் ஒரு வருடம் தாண்டிய லாபம் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். டிவிடெண்ட் அப்படியில்லை. 2020 ஏப்ரலிலிருந்து அது முழுவதும் உங்கள் வருமானத்தோடு சேர்கிறது.

கேள்வி: மகள் வீடு வாங்க 15 லட்சம் கேட்கிறாள். இருப்பது 60 லட்சம்தான்.

பதில்: வீட்டுக்கு அவருக்கு வங்கி கடன் கொடுக்கும். உங்கள் சாப்பாட்டுக்கு யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள்.

கேள்வி: பணம் எங்கே இருக்கிறது, எவ்வளவு வருகிறது எல்லாம் கணவருக்குத்தான் தெரியும். நான் என்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி அம்மா. ஃபண்ட் அவர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவருக்குப் பின் எஸ்டபிள்யூபி நின்றுவிடும். யூனிட்டை உங்கள் பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றிதழ், கேஒய்சி என்று அலைய வேண்டும். அதுவரைக்கும் செலவுக்கு உங்கள் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் ஆறு மாதப் பணம் இருக்கட்டும். ஃபோலியோ எண்களை, அதாவது ஃபண்ட் கணக்கு எண்களை, ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே.