காய்ந்த ஓடைக்கு நாடி பார்ப்பது எப்படி?

கேள்வி: பாலக்கோடு அருகே உள்ள எங்கள் ஊர் ஓடையில் புரட்டாசி, ஐப்பசி மழைக்குத்தான் தண்ணீர் ஓடுகிறது, தை பிறந்தால் வெறும் மணல். மாணவர்களைக் கொண்டு இதன் நலத்தைக் கண்காணிக்க விரும்புகிறேன். நீரே இல்லாத ஓடையில் எதைப் பார்ப்பது?
– ஆசிரியர் ஒருவர், தருமபுரி மாவட்டம்

பதில்: வறண்டு கிடப்பதும் அந்த ஓடையின் இயல்புதான், அதையே நோயாகக் கொள்ள வேண்டாம். மாசி வரை நின்ற மடு இப்போது மார்கழியிலேயே வற்றுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் ஓடும் சான் பெட்ரோ ஆற்றில், 1999 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், மழைக்கு முந்திய கடும் வறட்சியில், தன்னார்வலர்கள் ஆற்றோடு நடந்து, எங்கே நீர் இருக்கிறது, எங்கே இல்லை என்று வரைபடத்தில் குறித்து வருகிறார்கள். நம் பக்கம் சித்திரையில் கோடை மழை வந்துவிடக்கூடும் என்பதால், பங்குனியில் குறிப்பிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையை, இரண்டாம் ஞாயிறு என்பதுபோல, தேர்ந்து, ஆண்டுதோறும் அதே ஞாயிறன்று நடந்து பாருங்கள் (தேர்வுக் காலம் என்பதால் விடுமுறை நாளே உசிதம்).

அன்றே, அடையாளம் வைத்த ஓரிடத்தில் மணலில் ஊற்றுத் தோண்டி, எத்தனை அடியில் நீர் சுரக்கிறது என்று அளந்து எழுதுங்கள். மடு வற்றிய பிறகும் மணலுக்கடியில் நீர் நகர்ந்துகொண்டிருக்கலாம். கரையோர நீர்மருதும் புங்கனும் கோடையைக் கடப்பது பெரும்பாலும் அதை நம்பித்தான். கிழமரங்கள் மட்டும் நின்று கன்று ஒன்றுகூட இல்லையென்றால், உச்சிக் கிளைகள் காய்ந்திருந்தால், நீர்மட்டம் இறங்கியிருக்கிறதா என்று ஐயுற வேண்டும். வேர்கள் அந்தரத்தில் தொங்கினால் மணல் அள்ளியதாலோ வெள்ளம் அரித்ததாலோ தரை தாழ்ந்திருக்கும். சீமைக் கருவேலம் எதுவரை இறங்கியிருக்கிறது என்பதை ஒரே இடத்தில் நின்று எடுத்த புகைப்படமே சொல்லிவிடும்.

நீரின் தூய்மையைச் சொல்லும் பூச்சிகளைப் பார்ப்பதற்கு மட்டும் பங்குனி உதவாது. வெள்ளம் வடிந்து நீர் தெளிந்த சில வாரங்களில் கூழாங்கல்லைப் புரட்டினால், வாலில் மூன்று மயிரிழைகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மேஃபிளை (mayfly) என்ற சிறகுப் பூச்சியின் நீர்வாழ் இளம்பூச்சிகளைக் காணலாம். சாக்கடை கலந்து ஆக்சிஜன் குறைந்த நீரில் இவை குறைந்து, சிவப்புப் புழுக்கள் பெருகும். வற்றும் தறுவாயிலுள்ள குட்டையில் ஆக்சிஜன் தானாகவே குறையும். ஆகவே அங்கே மேஃபிளை இல்லை என்பதை வைத்து யார்மீதும் பழி சொல்லாதீர்கள். மேற்கே இடி இடித்தால், ஓடை காய்ந்திருந்தாலும், பிள்ளைகளை உடனே கரையேற்றிவிடுங்கள்.