அந்தத் தொலைபேசி அழைப்பை அப்பா தள்ளிப்போடட்டும்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. கணவரின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், குறிப்பிடவில்லை. திரையிலும் மேடையிலும் நீண்ட காலமாகப் பாடிவருபவர், கோயிலில் சாமி கும்பிட நின்றால்கூட செல்பி கேட்கிறார்கள் என்ற அளவுக்குத் தெரிந்த முகம் என்று மட்டும் வாசகர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

மகளுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. பிளஸ் டூ எழுதிவிட்டாள். கிதாரை வைத்துக்கொண்டு தானே தமிழில் பாட்டு எழுதி, தானே மெட்டமைத்துப் பாடுகிறாள். ஓர் இசை நிறுவனம் மூன்று வருட ஒப்பந்தத்தோடு வீட்டுக்கே வந்திருக்கிறது. கணவர் தமக்குத் தெரிந்த இசையமைப்பாளர் ஒருவரிடம் பேசுவதாகச் சொல்கிறார். மகளோ அப்பாவின் பெயரே வேண்டாம் என்று அடம்பிடிக்கிறாள். இந்த இழுபறியில் வாய்ப்புகள் கைநழுவிப் போய்விடுமோ என்று நீங்கள் தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள்.

வாய்ப்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, வரும். அது சீக்கிரம் வந்துவிடுமே என்பதுதான் என் கவலை. பாட்டெழுதத் தொடங்கும் எவருக்கும் முதலில் எழுதுபவை சுமாராகத்தான் அமையும். யாருக்கும் தெரியாத வீட்டுப் பிள்ளை என்றால் அந்தச் சுமாரான பாட்டுகளை நண்பர்கள் நாலு பேர் கேட்பார்கள், மறந்துவிடுவார்கள். அதற்குள் அவள் தேறிவிடுவாள். உங்கள் மகளின் முதல் பாட்டு வெளியாகும் அன்றே அது செய்தியாகிவிடும். ‘புலிக்குப் பிறந்தது பூனையாகுமா’ என்று சொந்தக்காரர்கள் பாராட்டுவார்கள். பாட்டு எடுபடவில்லை என்றால் அதே பழமொழியைக் கேள்வியாக்கிக் கேட்பார்கள். யாரும் கவனிக்காத சில வருடங்கள் மற்ற பிள்ளைகளுக்குத் தானாகவே கிடைத்துவிடுகின்றன. உங்கள் வீட்டில் அதைத் திட்டமிட்டு ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

இதை ரோஸான் கேஷின் கதையை வைத்து விளக்குகிறேன். கன்ட்ரி என்னும், நாட்டுப்புறச் சாயல் கொண்ட அமெரிக்க இசையில் ஜானி கேஷ் எவ்வளவு பெரிய பெயர் என்று உங்கள் கணவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய மூத்த மகள் ரோஸான், 1955-இல் மெம்ஃபிஸ் நகரில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்தபின் கலிஃபோர்னியாவில் தாயிடம் வளர்ந்தவர். 1973-இல் பள்ளிப்படிப்பை முடித்ததும் அப்பாவின் கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். எடுத்த எடுப்பிலேயே மேடையேறிப் பாடவில்லை. குழுவினரின் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் முதலில் கிடைத்தது. பின்னணிக் குரல் கொடுக்கும் வாய்ப்பும், எப்போதாவது ஒரு தனிப்பாட்டும் பிறகு வந்தன.

அந்தப் பயணத்தில்தான், தம் மகளுக்குப் பழைய பாட்டுகள் பல தெரியவில்லை என்பதை ஜானி கேஷ் கவனித்தார். கன்ட்ரி இசையில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை என்று நூறு பாடல்களைப் பட்டியலிட்டு எழுதிக் கொடுத்தார். குழுவில் இருந்த மேபெல் கார்ட்டரும் ஹெலன் கார்ட்டரும் அவளுக்குக் கிதார் கற்றுக்கொடுத்தார்கள். புகழ்பெற்ற தகப்பன் தன் பிள்ளைக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. பரிந்துரைக் கடிதத்துக்குப் பதிலாக அவர் வீட்டுப்பாடம் கொடுத்தார்.

அதன் பிறகு ரோஸான் அப்பாவின் குழுவை விட்டு விலகினார். லண்டனில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தில் சில காலம் வேலை பார்த்தார். நாஷ்வில் நகரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் நாடகமும் படித்தார். நடிப்புப் பயிற்சிக்கும் போனார். முதல் ஆல்பம் 1978-இல் வந்தது. அதை வெளியிட்டது ஜெர்மனியில் இருந்த ஒரு நிறுவனம். அமெரிக்காவில் அது வெளியாகவே இல்லை. ஒரு கலைஞருக்கு இது துரதிர்ஷ்டம் போலத் தோன்றும். எனக்கோ, சொந்த ஊரில் யாரும் கேட்காத ஒரு முதல் ஆல்பம் அமைந்தது அவருடைய பெரும் பாக்கியம் என்றே படுகிறது.

அப்பாவின் பெயர் உதவவே இல்லையா என்று கேட்டால், உதவியது. அடுத்து அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது அப்பா இருந்த அதே கொலம்பியா நிறுவனம்தான். ஆனால் அதற்குள் அவர் உடை மடித்து, பின்பாட்டுப் பாடி, அலுவலகத்தில் உட்கார்ந்து, கல்லூரிக்கும் போய், ஒரு தோல்வியையும் தூர தேசத்திலேயே முடித்துவிட்டிருந்தார். 1981-இல் அவரே எழுதிய பாட்டு கன்ட்ரி பாடல்களின் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அந்த நூறு பாடல்களின் பட்டியலிலிருந்து பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து ஆல்பமாக அவர் வெளியிட்டது 2009-இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. 2015-இல் ஒரே இரவில் மூன்று கிராமி விருதுகள் வாங்கினார். பதினெட்டு வயதில் கிடைத்த காகிதத்தை அவர் அவசரமாகக் காசாக்கவில்லை என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். கணவரிடமும் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு குழப்பம் நடக்கிறது. சாஸ்திரிய இசையில் பிள்ளை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதோ வாசிப்பதோ முறையான பயிற்சி. யாரும் குறை சொல்வதில்லை. அதே வழக்கத்தைச் சொந்தப் பாட்டு எழுதுகிறவர்களுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். ரவிசங்கரின் இரண்டு மகள்களைப் பாருங்கள். அனுஷ்கா சின்ன வயதிலேயே அப்பாவிடம் சிதார் கற்கத் தொடங்கி, பதின்மூன்று வயதில் புது தில்லியில் மேடையேறினார். அவருக்கு அப்பாதான் குரு. அந்தப் பெயரை மறைத்தால் வித்தையின் வழியையே மறைத்ததாகும். நோரா ஜோன்ஸ் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் தாயிடம் வளர்ந்தார். பதினாறு வயதில் சட்டப்படி பெயரை மாற்றி, தாயின் குடும்பப் பெயரோடு நின்றார். வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பியானோ படித்தார்; 1999-இல் நியூயார்க் போய்ச் சின்னச் சின்ன இடங்களில் பாடினார்; 2002-இல் முதல் ஆல்பம் வெளியிட்டு, மறுவருடம் ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றார். அந்த ஆல்பத்தில் அதிகம் ஒலித்த பாட்டை எழுதியவர் அவர் அல்ல, ஜெஸ்ஸி ஹாரிஸ் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எல்லாவற்றையும் தானே எழுதியாக வேண்டும் என்ற பிடிவாதம் உங்கள் மகளுக்கு இருந்தால் இது உதவும்.

ஆனால் நோராவின் கதையைக் கேட்டு, “பார்த்தீர்களா, நானும் பெயரை மாற்றிக்கொள்கிறேன்” என்று மகள் கிளம்பினால் நான் அவள் பக்கம் இல்லை. நோரா அப்பாவின் வீட்டில் வளரவில்லை. பெயரை விட்டதில் ஒரு நியாயம் இருந்தது. உங்கள் மகளைச் சென்னையின் பாதி ஒலிப்பதிவுக் கூடங்களில் தூக்கி வைத்துக் கொஞ்சியிருக்கிறார்கள். இனிஷியலை எடுத்துவிட்டால் யாரும் ஏமாறப்போவதில்லை. பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். அதை முன்னால் நீட்டாமல் இருந்தால் போதும்.

அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் பாப் டிலனின் மகன் ஜேக்கப் பற்றியும் ஒரு வார்த்தை. அவருடைய குழுவின் முதல் ஆல்பம் 1992-இல் ஒரு பெரிய நிறுவனத்தில் வெளிவந்து விலை போகவில்லை. நிறுவனத்துடனான உறவும் முடிந்துபோனது. நான்கு வருடம் கழித்து வேறு நிறுவனத்தில் வந்த இரண்டாவது ஆல்பம்தான் லட்சக்கணக்கில் விற்றது. பெரிய வீட்டுப் பிள்ளை என்பதற்காக எந்த நிறுவனமும் நஷ்டத்தைச் சுமந்துகொண்டு காத்திருக்காது.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் கறாரானவன். மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் இனி அவள் போடும் கையெழுத்து சட்டப்படி அவளைக் கட்டும். நீங்கள் அனுப்பிய நகலில் ‘எல்லா உரிமைகளும்’ என்ற சொற்கள் இரண்டு பக்கங்களிலும் வருகின்றன. ஒரு பாட்டில் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன: வரிகளுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. எழுதி, இசையமைத்துப் பாடுகிறவளுக்கு முதல் இரண்டும் சொந்தம். ஒலிப்பதிவு பொதுவாகச் செலவு செய்து பதிவு செய்தவருடையது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பாட்டு திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெற்றாலும், திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பது நீங்கலாக, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய ராயல்டிப் பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கும்படி எழுதி வாங்க முடியாது; அப்படி எழுதினாலும் செல்லாது. உரிமை எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். சொல்லிவிட்டால் சொன்னதுதான். ஆகவே ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்ற வரியைத் தேடிப் பாருங்கள். உங்கள் நகலின் ஏழாவது பத்தியில் அது இருக்கிறது.

பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற இரண்டு தகுதிகளிலும் அவள், ராயல்டியை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகலாம். 1969-இலிருந்து இயங்கும் அமைப்பு அது. முதல் பாட்டு வெளியாகும் முன்பே விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிட வேண்டும். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். அப்பாவின் மேலாளரிடம் கொடுத்துவிட வேண்டாம்.

வீட்டுக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். மகள் பாடிக்கொண்டிருக்கும்போது கணவர் வந்து, “சரணத்தில் அந்த இடத்தை இப்படி மாற்று” என்று பாடிக் காட்டுகிறார். மெட்டு அழகாகிவிடுகிறது. ஆனால் அந்தத் திருத்தம் கணிசமாக இருந்தால் அவர் அந்த மெட்டின் கூட்டுப் படைப்பாளி ஆகிவிடுகிறார். சட்டமும் அப்படித்தான் பார்க்கும். ‘அப்பா போட்டுக் கொடுத்தது’ என்ற பேச்சுக்கும் அப்போது ஆதாரம் கிடைத்துவிடும். அவள் எழுதி முடிக்கும் வரை அவர் கேட்க வேண்டாம். முடித்த பிறகு கேட்கட்டும். ஓர் இடம் பலவீனமாக இருந்தால் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டட்டும். தீர்வைப் பாடிக் காட்ட வேண்டாம். முப்பது வருட அனுபவம் உள்ளவருக்கு இது பெரிய தண்டனை என்று தெரியும். வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்தால், செலவு யாருடையது, ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம் என்று தகப்பனுக்கும் மகளுக்கும் இடையே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். சிரிப்பாக இருக்கும். நாளை கணவரின் நிறுவனத்தில் வேறு பங்காளிகள் வரும்போது சிரிப்பாக இருக்காது.

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னையில் இசை படிக்க நல்ல இடங்கள் இருக்கின்றன: ராணி மேரிக் கல்லூரியில் இசைப் பட்டப்படிப்பு, 2008-இல் ஏ.ஆர். ரகுமான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி, தமிழ்நாட்டின் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம். அவள் வாத்தியக்காரியாகவோ இசையமைப்பாளராகவோ ஆக விரும்பியிருந்தால் இவற்றில் ஒன்றைத்தான் சொல்லியிருப்பேன். அவள் விரும்புவது பாட்டெழுத. அவள் அனுப்பிய மூன்று பாட்டுகளையும் கேட்டேன். மெட்டு அவளுக்கு எளிதாக வருகிறது, குரலில் குறையில்லை, வரிகளில்தான் பஞ்சம். ஒரே மாதிரி வானமும் மழையும் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழ் இலக்கியம் படிக்கட்டும். சென்னையில் வேண்டாம். மதுரையிலோ திருச்சியிலோ விடுதியில் தங்கிப் படித்தால், அப்பாவின் நண்பர்கள் இல்லாத ஊரும் கிடைக்கும், எழுத விஷயமும் கிடைக்கும். விடுமுறையில் பெங்களூருக்குப் போய், புதியவர்கள் பாடும் மேடைகளில் முதல் பெயரை மட்டும் கொடுத்துப் பாடட்டும். அங்கே தமிழ்ப்பாட்டு கேட்கவும் ஆள் உண்டு, அவளை அடையாளம் தெரியாதவர்களும் உண்டு.

பிழைப்பு எப்படி என்றால், சொந்தப் பாட்டால் மட்டும் சீக்கிரத்தில் வாடகை கட்ட முடியாது. விளம்பரப் பாட்டு, கோரஸ், பிறருக்கு வரி எழுதுவது, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்றுதான் பலரும் ஓட்டுகிறார்கள். உங்கள் வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாதம் ஒரு குறிப்பிட்ட தொகை, பட்டம் முடியும் வரை, என்று அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அளவில்லாமல் கொடுத்தால் தன் பாட்டுக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியாமலே போய்விடும்.

இசையமைப்பாளரிடம் பேசுவதைக் கணவர் இரண்டு வருடம் தள்ளிப்போடட்டும். அதற்குப் பதில் இந்த மாதமே உட்கார்ந்து, ஜானி கேஷ் செய்த மாதிரி, அவளுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கலாம். நூறு வேண்டாம், அவருக்கு உண்மையிலேயே பிடித்த பாட்டுகள் எத்தனையோ அத்தனை. அதில் அவர் பாடியவை இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையை நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும், நான் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

நிறுவனத்துக்கு இப்போதைக்கு “படிப்பு முடியட்டும், பிறகு பேசுகிறோம்” என்று மரியாதையாக ஒரு கடிதம் போதும். அவர்கள் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் ஒப்பந்தம் கேட்டால், காலமும் நாடும் குறிப்பிட்டு எழுதிக்கொண்டு வரட்டும். கையெழுத்துக்கு முன் பதிப்புரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவர் உங்கள் கணவரின் வழக்கறிஞராக இல்லாமல் வேறு ஒருவராக இருக்கட்டும். கல்லூரி விண்ணப்பங்களை மட்டும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.