அணி ஜெயிக்கிறது, கேலரி ஏன் காலி?

கேள்வி: எங்கள் நகரக் கால்பந்து கிளப்பின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். அணி நன்றாகவே ஆடுகிறது. டிக்கெட் விலையைக் குறைத்தோம், சில ஆட்டங்களுக்கு இலவசமாகவும் கொடுத்தோம். உள்ளூர்க்காரர்கள் வருவதில்லை. டிவியில் ஐரோப்பிய ஆட்டங்களை விடாமல் பார்க்கும் ரசிகர்கள்கூட மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: டிவி உங்கள் கூட்டத்தைக் குறைக்கிறது என்பது உண்மை. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து ஆட்டங்களை நேரலையில் காட்டத் தடை உண்டு. சின்ன கிளப்களின் கூட்டம் குறையக் கூடாது என்பதற்காக 1960களிலிருந்து இருந்துவரும் ஏற்பாடு அது. உங்களுக்கு அப்படியொரு பாதுகாப்பு இல்லையென்றால், பெரிய ஆட்டங்கள் ஒளிபரப்பாகும் நேரத்தைத் தவிருங்கள். தேர்ந்தெடுத்த கிழமையையும் நேரத்தையும் பருவம் முடியும்வரை மாற்றாதீர்கள்.

ஆனால் டிவி ரசிகரைத் துரத்துவது வீண் என்பேன். அவர் ஆட்டத்தின் தரத்தை ஒப்பிடுவார், நீங்கள் தோற்பீர்கள். ஆளில்லா கேலரியை நிரப்புவது தரம் அல்ல, பிணைப்பு. லண்டனின் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற 2002இல் அனுமதி கிடைத்தது. கோபமடைந்த ரசிகர்கள் அதே ஆண்டு ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புது கிளப்பைத் தொடங்கி, பல படிகள் கீழே இருந்த லீக்கில் அதை ஆடவைத்தார்கள். முதல் பருவத்திலேயே புது கிளப்பின் சராசரிக் கூட்டம் பழைய கிளப்பைத் தாண்டியது. பெர்லினில் யூனியன் கிளப்பின் மைதானத்தைப் புதுப்பிக்க 2008-09இல் 2,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள். தன் கையால் கட்டிய கேலரியை யார் காலியாக விடுவார்கள்?

எனவே உங்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: களத்தில் ஆடும் பதினொரு பேரில் எத்தனை பேரை உள்ளூர்க்காரர்களுக்கு முகம் தெரியும்? வெளியிலிருந்து ஒரு பருவத்துக்கு மட்டும் வந்து போகும் ஆட்டக்காரர்களை நம்பி யாரும் மனதைக் கொடுப்பதில்லை. உள்ளூர்ப் பையன்கள் இரண்டு மூன்று பேரையாவது தொடர்ந்து ஆடவையுங்கள். பள்ளிகளின் சிறுவர், சிறுமியர் அணிகளை அழைத்து இடைவேளையில் அதே புல்தரையில் பத்து நிமிடம் ஆடவிடுங்கள். ஒரு பிள்ளை ஆடினால் ஒரு குடும்பமே வரும்.

ஓசி டிக்கெட்டை அள்ளி வீசாதீர்கள். வாங்குகிறவர்களில் பலர் வரமாட்டார்கள், காசு கொடுத்து வந்தவருக்கோ மனக்கசப்பு. கொடுப்பதானால், அந்தப் பள்ளி அணிகளின் பயிற்சியாளர் கையால், பெயர் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: ஐந்நூறு பேர் நான்கு பக்கமும் சிதறி உட்கார்ந்தால் மைதானம் செத்துக் கிடக்கும். ஒரே ஒரு கேலரியை மட்டும் திறந்து எல்லோரையும் நெருக்கமாக உட்காரவையுங்கள். சத்தம் எழும், அந்தச் சத்தத்துக்காகவே அடுத்த முறை வருவார்கள். சுத்தமான கழிப்பறையும், ஆட்டம் முடிந்ததும் வீடு திரும்ப வண்டி வசதியும் இல்லையென்றால் பெண்களும் முதியவர்களும் வரமாட்டார்கள், இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

மொத்தத் தலைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், முதல்முறை வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்று கணக்கு வையுங்கள். வராமல் போனவர்களில் சிலருக்கு நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் போன் செய்து காரணம் கேட்கட்டும். அடுத்த பருவத்துக்கான திட்டத்தை அந்தப் பதில்களைப் பார்த்த பிறகு போடுங்கள்.